மலையக மாணவர் குறும்படங்கள்: கேட்காத ஒலி

தலவாக்கலை, ஹட்டன், பொகவந்தலாவை என்று மலையகத்தின் எப்பக்கத்திலும் இன்று கையடக்கத் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு குறும்படம் எடுக்கப் புறப்படும் மாணவரைக் காண்கிறோம். மகிழ்ச்சிக்குரிய விடயந்தான். ஆனால் பார்க்கக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரித் தொடங்குகின்றன. பனிமூட்டம், சரிவு, கூடை சுமந்த பெண்களின் வரிசை. பின்னணியில் தென்னிந்தியப் படமொன்றிலிருந்து எடுத்த சோகமான புல்லாங்குழல். ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் இப்படங்களில் எதுவும் குறைந்துவிடப் போவதில்லை. அதுவே இவற்றின் பெருங்குறை என்பது எனது அபிப்பிராயம்.

இந்தப் பனியும் கூடையும் எம்மவர் கண்டுபிடித்தவை அல்ல. 1934இல் பஸில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்திலேயே தேயிலைத் தோட்டம் திரைக்கு வந்துவிட்டது. அதற்குப் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. ரைட்டுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான். ஜோன் கிரியர்ஸன் லண்டனில் இளைஞர்களைச் சேர்த்து நடத்திய படப்பிரிவில், வேலை செய்துகொண்டே தொழில் பழகியவர்களில் அவரும் ஒருவர். அந்த வகையில் அதுவும் ஒரு பயிற்சிப் படமே. அழகான படம் என்பதில் மறுப்பில்லை.

ஆனால் அதன் ஒலியைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் படம் மட்டுமே பிடிக்கப்பட்டது. ஒலி முழுவதும் பின்னர் லண்டனில் சேர்க்கப்பட்டது. விவரணம் ரொபர்ட் நொக்ஸின் 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து. குரல் லயனல் வென்ட்டுடையது. மூன்றாம் பகுதியான 'வர்த்தகத்தின் குரல்க'ளில் உழைப்பவரின் உருவங்களுக்கு மேலே சந்தை விலைகளும் வியாபாரக் கடிதங்களும் ஆங்கிலத்தில் ஒலிக்கின்றன. ரைட் இதை அறியாமற் செய்யவில்லை. வர்த்தகம் உழைப்பின் மீது ஏறி நிற்பதை அந்த மோதலால் காட்டினார் என்று விமர்சகர் பாராட்டுவர். அது சரியே. எனினும், கொழுந்து பறிக்கும் பெண் அப்படத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இன்றைய தலவாக்கலை மாணவனின் படத்திலும் அவள் பேசுவதில்லை. விலைப்பட்டியல் ஒலித்த இடத்தில் புல்லாங்குழல் ஒலிக்கிறது, அவ்வளவே.

இது வெறும் அழகியற் குறையன்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் சி.வி. வேலுப்பிள்ளை. அதற்கு மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவுசெய்த மக்களுள் மிகப்பெரும்பாலோர் நாடற்றவராகி, வாக்கையும் இழந்தனர். குரலை இழப்பது என்பது இப்பிரதேசத்தில் வெறும் உவமையாக இருந்ததில்லை. அந்த சி.வி.யே தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார் என்பதையும் நமது மாணவர் அறிந்திருக்க வேண்டும். அவர் பயன்படுத்திய கருவி காதுதான்.

மாணவர் படக்குழு ஒன்று எப்படி அமைகிறது? கதை எழுதியவன் இயக்குநர். நல்ல தொலைபேசி வைத்திருப்பவன் ஒளிப்பதிவாளர். தோற்றமுள்ளவன் நடிகன். மிஞ்சியவன் கையில் ஒலிவாங்கி, அதுவும் இருந்தால்! இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் பாதிப் பாடம் முடிந்துவிடும். செலவொன்றுமில்லை. இரண்டாவது தொலைபேசியொன்றைப் பேசுபவரின் அருகில், சட்டகத்துக்கு வெளியே மறைத்து வைத்துப் பதியலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்துவது எளிது. காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் அமைதியையும் பதிய வேண்டும். தொகுக்கும்போது வெட்டுக்களை மூடுவது அந்த அமைதிதான்.

லயத்துக் காம்பராவைப் போல் படக்கலை கற்பிக்கும் இடம் வேறில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. கமராவுக்குப் பின்வாங்க இடமில்லை. முழுக் குடும்பத்தையும் ஒரே சட்டகத்தில் அடக்க முடியாது. எனவே ஒருவரைக் காட்டும்போது மற்றவரை ஒலியால்தான் இருக்கச்செய்ய வேண்டும். பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அடுத்த வீட்டுச் சண்டையும், தொலைக்காட்சி நாடகமும், கிழவரின் இருமலும் இங்கே கேட்கும். மற்றவர் இதை இரைச்சல் என்று நீக்குவார்கள். தோட்டத்து மாணவன் இதிலிருந்தே கதையை எழுதலாமே! தகரக்கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது என்று படப்பிடிப்பை நிறுத்துகிறார்கள். மழைக்கு மேலே கத்திப் பேசவேண்டி வந்ததால், இரகசியமாகச் சொல்லவிருந்ததை அடுத்த வீடும் கேட்டுவிட்டது என்று காட்சியை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது மொழி. வீட்டில் 'பெரட்டு', 'அரைப் பேர்', 'பிள்ளைக் காம்பரா' என்று பேசும் பிள்ளை, கமராவின் முன் பாடப்புத்தகத் தமிழோ சென்னைத் தமிழோ பேசுகிறது. தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து நடித்தது 1975இல். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் தோட்டத்துப் பேச்சைத் திரையில் பேசக் கூச்சம் இருக்கிறதென்றால், கோளாறு கருவியில் இல்லை.

பட்டறைகளில் பாலுமகேந்திராவின் கதையைத் தவறாமற் சொல்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில் கிதுல்கலவுக்கு வந்த மட்டக்களப்புச் சிறுவன், டேவிட் லீன் 'மழை' என்றதும் மழை பெய்ததைக் கண்டு இயக்குநராக முடிவெடுத்தான். அவரே பலமுறை கூறிய சம்பவம். கிதுல்கலவைக் கடந்து வரும் அதே வீதிதான் ஹட்டன் வழியாகத் தலவாக்கலைக்கும் வருகிறது என்பதால் நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் இனிக்கிறது. ஆனால் கதையை மழையோடு நிறுத்திவிடுகிறார்கள். பின்னர் அவர் பூனாவில் ஒளிப்பதிவை முறையாகக் கற்று, 1969இல் தங்கப்பதக்கத்துடன் வெளியேறியதைச் சொல்வோர் குறைவு.

தலவாக்கலை மாணவருக்கு அவசரமான வேலையொன்றும் உண்டு. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் சென்கிளேயர் அருவியின் நீர் குறைந்தது. அருவியின் புகைப்படங்களுக்குக் குறைவில்லை. அதன் பழைய இரைச்சலை எத்தனை பேர் பதிந்து வைத்தார்கள்? பெரட்டுக்கு அழைக்கும் சங்கு, மலையேறும் றெயிலின் மூச்சு, அதிகாலையில் பஸார்ப் பக்கம் ஒன்றன்பின் ஒன்றாக எழும் பாங்கும் கோயில் மணியும் பிரித்தும், தராசடியில் கொழுந்தின் நிறையைச் சொல்லும் குரலும் அதை மறுக்கும் பெண்ணின் குரலும் இன்னும் இருக்கின்றன. முதற்படத்துக்கு அந்தத் தராசடி போதும். கமராவைக் கூடையின் மீது வைத்து, முகங்களைக் காட்டாமல், அந்த இரண்டு குரல்களையும் மூன்று நிமிடம் ஓடவிடட்டும்.