பழ ஈக்களின் கணக்கில் ஒரு பிழை

புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டில் வாழைப்பழம் கனிந்து கறுத்தால் போதும், சிறு ஈக்கள் வந்து மொய்த்துவிடும். சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். ஆண் ஈ பெண்ணைப் பின்தொடரும்; முன்காலால் தட்டும்; ஒரு சிறகை மட்டும் விரித்து அதிர்த்து 'இசை' எழுப்பும். பெண் விலகிப் போகும், அல்லது இணங்கும்.

'ஆண் அலைவான், பெண் தேர்ந்தெடுப்பாள். இது இயற்கைச் சட்டம், மனிதருக்கும் பொருந்தும்' என்று என் வகுப்பில் ஒரு மாணவர் அடித்துப் பேசினார். மாணவியர் தலைகுனிந்திருந்தனர். எனக்கும் அன்று விடை தெரியவில்லை.

இக்கூற்றுக்குப் பெரிதும் சான்றாகக் காட்டப்படுவது, இங்கிலாந்தின் ஆங்கஸ் பேட்மன் 1948இல் வெளியிட்ட பழ ஈ ஆய்வு. ஒவ்வொரு புட்டியிலும் 3 முதல் 5 ஆண் ஈக்களையும் அதே அளவு பெண் ஈக்களையும் அவர் விட்டார். சுருண்ட சிறகு, சிறுத்த கண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபு அடையாளம். வழித்தோன்றல்களின் உருவத்தைக் கொண்டு பெற்றோரைக் கண்டறிந்தார். டி.என்.ஏ. சோதனை இல்லாத காலத்தில் இது நுட்பமான வழியே. துணைகள் பெருகப் பெருக ஆணின் சந்ததி பெருகியது, பெண்ணுக்கு அவ்வாறில்லை என்பது அவர் முடிவு.

குறை எங்கே? தாய், தந்தை இருவரையும் அறிய, இருவர் அடையாளத்தையும் ஒருங்கே பெற்ற ஈ வேண்டும். மெண்டல் விதிப்படி இவை நான்கில் ஒரு பங்கு. ஆனால் இரட்டைக் குறையைச் சுமந்த ஈக்கள் பல வளருமுன்னே மடிகின்றன. அவற்றோடு சில துணைகளும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். 2012இல் பாட்ரிசியா கோவாட்டி குழுவினர் அதே முறையில் சோதனையைத் திரும்பச் செய்து இதை வெளிப்படுத்தினர்.

நான் பௌதிக ஆசிரியன். கூட்டல் சரியா என்று பார்ப்பது என் பழக்கம். ஒவ்வோர் ஈக்கும் ஒரு தந்தை, ஒரு தாய். ஆகவே தந்தையர் பக்கத்து மொத்தமும் தாயர் பக்கத்து மொத்தமும் சமமாக வேண்டும். பேட்மனின் எண்களில் தந்தையர் பக்கம் கூடுதலாக நிற்கிறது! மேலும், அவர் வரைந்த இரு வரைபடங்களுள் ஒன்றில் பெண்ணுக்கும் ஓரளவு ஏற்றம் உண்டு. பிற்காலத்தார் மிகுதியும் எடுத்தாண்டதோ மற்றொன்றை.

இதனால் அவர் கருத்தே பொய் என்று கூறிவிடலாகாது. பல விலங்கினங்களில் ஆண்களிடையே போட்டி மிகுதி என்பதற்கு வேறு சான்றுகள் உள்ளன. இச்சான்று மட்டும் அத்துணைப் பாரம் தாங்காது.

மொகாலியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் என். ஜி. பிரசாத் குழுவினர் வேறு வழியில் சென்றனர். ஆண்–பெண் விகிதத்தை மாற்றி, 55 முதல் 60 தலைமுறைகள் வரை ஈக்களை வளர்த்தனர். முடிவு 2013இல் வெளியாயிற்று. ஆண்கள் மிகுந்த கூட்டத்தில் இணைசேரும் நேரம் நீண்டது. பின்னால் வரும் போட்டியாளனிடமிருந்து தன் விந்தைக் காக்கும் திறன் கூடியது. பெண்கள் மிகுந்த கூட்டத்தில் அத்திறன் குறைந்தது. சூழ்நிலை மாறினால் ஈயின் இயல்பே தலைமுறைகளில் மாறுகிறது!

அடுத்த வகுப்பில் பேட்மனின் கூட்டலைக் கரும்பலகையில் எழுதினேன். பிழையை முதலில் கண்டு சொன்னவர் ஒரு மாணவி. மாணவர்களே, 'இயற்கைச் சட்டம்' என்று யாரேனும் சொன்னால், எண்ணியது யார், எண்ணாமல் விட்டது எது என்று கேளுங்கள்.