பொன்னர்–சங்கர் கூத்தும் சரித்திர உண்மையும்

தமிழகத்திலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு வந்த மக்கள் தம்முடன் கொணர்ந்து பேணிய கூத்துகளுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர்–சங்கர் ஆகிய மூன்றும் முதன்மையானவை. முன்னிரண்டும் புராண இதிகாசங்களைச் சார்ந்தவை. மூன்றாவது மட்டுமே இடைக்காலக் கொங்குநாட்டின் மண்ணையும் மனிதரையும் தன் களமாகக் கொண்டது. ஆதலின், படித்த இளைஞனொருவன் இக்கூத்தில் முதன்முதலாக வேடங்கட்ட வரும்போது, சரித்திர உண்மைக்கு அவன் எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்ற வினா எழுகிறது. பதுளைப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் நம்மைப் போன்றோர் இவ்வினாவை ஒதுக்கிவிட இயலாது.

இதற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. கதைதானே, எதை உடுத்தினால் என்ன என்பது ஒன்று. முடியும் வாளும் சோழர் காலச் சிற்பங்களில் உள்ளவாறே அமைய வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் குறையுடையன என்றே நாம் கருதுகிறோம்.

அட்டையில் செய்து சரிகைத்தாள் ஒட்டிய முடி கூத்தின் மரபு வழிப்பட்ட அடையாளம். இவன் அரசன் என்று சபைக்கு அறிவிப்பதே அதன் பணி. அக்காலத்து முடி இத்தகையது என்று அது சாதிப்பதில்லை. ஆகவே அதைப் பிழையென்று தள்ளுவது பேதைமை. ஆயின், 2011 இல் வெளியான ‘பொன்னர் சங்கர்’ திரைப்படத்தின் உடைகளே உண்மையானவை என நம்பி, புதியவன் அவற்றைப் பின்பற்றுவானாயின் அவனைத் திருத்தத்தான் வேண்டும். கூத்தின் மரபையும் அவன் இழக்கிறான், வரலாற்றையும் பெறுகிறானில்லை. அவ்வாறே, அரண்மனை விருந்தில் மிளகாயையும் வெற்றிலைத் தட்டில் புகையிலையையும் பேசும் புதுவசனம் எழுதுவோனுக்கு, அவை போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே நம் நாடுகளில் பரவியவை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஏளனம் செய்தல் தகாது.

இடைக்கால வாழ்வை நடித்துக் காட்டும் முயற்சி மேல்நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1966 இல் தோன்றிய ஒரு சங்கம் இன்று பல நாடுகளில் கிளைவிட்டுள்ளது. பதினேழாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உடையை அணிய ஓரளவேனும் முயன்றிருந்தால் போதும் என்பதே புதியவரிடம் அது எதிர்பார்ப்பது. இத்தாராளம் நாம் கற்கத்தக்கது. ஆனால் அதே சங்கத்தில் வருவோர் யாவரும் சிறு பிரபுக்களாகவே கருதப்படுகின்றனர். எல்லோரும் பிரபுக்களானால் ஏர் பிடித்தவன் எங்கே? துணி நெய்தவள் எங்கே? தையல் முழுதும் சரியாயிருந்தும் உழைப்பாளியே இல்லாத ஓர் இடைக்காலம் பொய்யான இடைக்காலமே.

இக்குறை நம் கூத்திலும் நுழையக்கூடும். பொன்னர்–சங்கர் நிலவுடைமையாளரின் கதை. பங்காளிகளுக்கிடையே எழும் பகையும் வேட்டுவரோடு நிகழும் போரும் அதன் பொருள். அவர்களின் துணைவனாகிய சாம்புவன் ஒடுக்கப்பட்ட குலத்தவன். அவனின்றி அண்ணன்மாரின் வெற்றிகள் இல்லை. அவனை வெறும் ஏவலாளாகவோ நகைச்சுவைப் பாத்திரமாகவோ சுருக்கிவிட்டு, அக்காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று கூறுவது சரித்திர உண்மையாகாது. சாதிக்குச் சரித்திரத்தைச் சாட்சிக்கழைப்பதாகும். தமக்கெனக் காணி நிலமின்றி லயன் அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள், நிலத்துக்காக மாண்டவர்களின் கதையை விடிய விடிய ஆடியதேன் என்று புதியவன் சிந்திக்கட்டும். எந்த வாளின் நீளத்தைக் காட்டிலும் அச்சிந்தனை அவனுக்குப் பயன்படும்.

கூத்தின் மரபுக்கு நாம் காட்டும் இச்சலுகையை, வரலாறு என்றே பெயர் சூட்டி மேடையேற்றப்படும் நாடகத்துக்குக் காட்ட இயலாது. மலையக மக்களின் இருநூறாண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் நடந்த பாதையில் மீண்டும் நடந்தனர். அந்நடையைப் பாடசாலை மேடையில் நடித்துக் காட்டும் மாணவர், முதலில் வந்தோரின் முதுகில் தேயிலைக் கூடையை மாட்டிவிட்டால் அது சிறு பிழையன்று. அவர்கள் வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. தேயிலை வர்த்தகப் பயிராகத் தொடங்கியது 1867 இல். கோப்பியை அழித்த இலைநோய் 1869 இல் தோன்றியது. கோப்பிக் காலத்தில் வந்தோருள் பெரும்பாலார் பருவத்துக்கு வந்து திரும்பிய ஆண்கள். ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலையே குடும்பங்களை இங்கு நிலைபெறச் செய்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்ததும் 1924 இல் தான். கூடையை முன்கூட்டியே மாட்டினாலும், புகையிரதத்தை முன்கூட்டியே ஓட்டினாலும், காட்டுவழியில் நடந்து மடிந்தவர்களின் கதை மறைந்துபோகும்.

எனவே புதியவனிடம் முதல் நாளிலேயே முழுமையை எதிர்பார்க்க வேண்டாம். கடன் வாங்கிய வேட்டியோடு அவன் வரட்டும். காசில்லாதவனை உடையின் பேரால் வாசலில் நிறுத்தும் நுட்பம் நமக்கு வேண்டியதில்லை. யார் உழைத்தார், யார் உண்டார், யார் பெயர் விடுபட்டது என்ற மூன்று கேள்விகளோடு அவன் வேடங்கட்டட்டும். இம்மூன்றிலும் அவன் தவறும்போது நாம் கண்டிப்பாக இருப்போம். ஏனையவற்றைக் கூத்து மாஸ்டரும் நூல்நிலையமும் காலப்போக்கில் அவனுக்குக் கற்பிக்கும்.