சங்கு தெரிகிறதா?

பழைய செம்புக் காசு கையில் வந்ததும் விலையைத்தான் கேட்கத் தோன்றும். அதற்கு முன் சங்கைத் தேடுங்கள். திருவனந்தபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பெட்டியடியில் கிடப்பவை பெரும்பாலும் திருவிதாங்கூர்க் காசுகளே. 1956 வரை அதே ஆட்சிப் பகுதியாக இருந்த நாகர்கோவில், தக்கலைப் பக்கமும் அப்படித்தான். 1750இல் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாப சுவாமிக்கே அர்ப்பணித்தார். அந்தச் சுவாமியின் சங்குதான் திருவிதாங்கூர் அரசின் முத்திரையாக இருந்தது.

அடுத்து, பின்னிக்கிடக்கும் ஆங்கில முதலெழுத்துகள். ஆர்.வி. என்றால் 1885 முதல் 1924 வரை ஆண்ட ஸ்ரீமூலம் திருநாள் ராம வர்மா. முன்னால் ஒரு பி சேர்ந்திருந்தால் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா. பல காசுகளில் ஆண்டே இருக்காது. காலத்தைச் சொல்ல இந்த எழுத்துகள்தான் துணை. அந்த மன்னரின் தலை பொறித்த, சக்கரம் என்ற நாணயத்தில் 1114 என்று இருக்கும். அது கொல்லம் ஆண்டு. நம் கணக்கில் 1938-39.

பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆக, ஒரு ரூபாய்க்கு 448 காசு. இவ்வளவு சிறிய மதிப்புக்கும் தனி நாணயம் அடித்து, அதிலும் சங்கைச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மலிவாகக் கிடைப்பது இந்தக் காசின் பெரிய நல்ல குணம். அரிய நாணயத்தை ஒன்றே ஒன்றாகத்தான் பார்க்க வாய்க்கும். இதையோ ஒரு கைப்பிடி வாங்கி வரிசையாகப் பரப்பலாம். காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் வைத்து, லென்ஸால் பாருங்கள். மேடான இடங்கள்தான் முதலில் தேயும்: சங்கின் வயிற்றுப் பகுதி, எழுத்துகள் ஒன்றையொன்று வெட்டும் இடம். சங்கின் சுருள் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் அதிகம் புழங்காத காசு. சில காசுகளில் விளிம்பு கூர்மையாகவும் நடுப்பகுதி மங்கலாகவும் இருக்கும். அது கைபட்ட தேய்மானம் அல்ல, அச்சு சரியாக விழாத குறை. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி வித்தை கைவந்த மாதிரி.

நிறத்தையும் பாருங்கள். பல ஆண்டுகளாகப் படிந்த சீரான பழுப்பு, செம்புக்குக் கவசம்; சேகரிப்பவர்கள் விரும்புவதும் அதையே. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் காசு பளபளக்கும், மதிப்பு போய்விடும். மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் கண்டால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், செம்பை அரிக்கும். மழைக்காலத்தில் காகித உறையும் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் நல்லது.

விலை? புழங்கித் தேய்ந்த காசுக்குப் பெரிய தொகை கிடைக்காது. வயதைவிடக் கூர்மைக்கே காசு கொடுக்கிறார்கள். ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று எழுதிய செம்பு வில்லைகளுக்கு லட்சம் கேட்பார்கள். கம்பெனி அப்படி நாணயம் அடித்ததே இல்லை. பழைய நாணயம் வாங்குவதாக இணையத்தில் கமிஷன் கேட்கும் மோசடிகளைப் பற்றி 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு போனால் கோயிக்கல் அரண்மனையில் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. வாங்கத் தொடங்கும் முன் அங்கே அரைநாள் நின்று பாருங்கள்.