பசிஃபிகாவுக்கு ஜாலான் பாசார் வைத்தியம்

கிள்ளானில் கல்யாண விருந்துக்கு வாசிக்கப் போகிற கிட்டார்காரருக்கு ஒரே ராத்திரியில் மூன்று நான்கு கிட்டார் தேவைப்படும். எண்பதுகளின் இளையராஜா பாட்டுக்கு மெலிந்து தெளிந்த சிங்கிள் காயில் ஒலி வேண்டும். பின்வரிசையிலிருந்து எவராவது மலாய் ராக் கேட்டுவிட்டால் தடித்த ஹம்பக்கர் வேண்டும். நடுவில் ஒரு ரகுமான் பாட்டு வந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று வேண்டும். யமஹா பசிஃபிகா 112வி இந்தத் தேவைக்கென்றே செய்தது போன்ற கருவி. பழைய சாமான் விளம்பரங்களில் அது அடிக்கடி கண்ணில் படுகிறது. என்னுடையதும் அப்படி வந்ததுதான்.

பசிஃபிகா வரிசை 1990இல் தொடங்கியது. 112வி-யில் ஆல்டர் மர உடல், திருகாணியில் பூட்டிய மேப்பிள் கழுத்து, 22 ஃப்ரெட், 648 மி.மீ. தந்தி நீளம். கழுத்துப் பக்கமும் நடுவிலும் சிங்கிள் காயில், பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், ஐந்து நிலைச் சுவிட்ச், ஒரு வால்யூம், ஒரு டோன். டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் இரண்டு சுருள்களில் ஒன்று விலகி, மற்றது மட்டும் சிங்கிள் காயில் போலப் பேசும். அண்ணன் தம்பி போலத் தெரியும் 012-இலும் 112ஜே-யிலும் இந்த வசதி கிடையாது. பழையதை வாங்கப் போகிறவர் பெயரைப் படிப்பதோடு நிற்காமல் குமிழையும் இழுத்துப் பார்க்கட்டும்.

மரத்திலும் கழுத்திலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இந்த விலைக்கு இவ்வளவு ஒழுங்கான கழுத்து கிடைப்பது ஆச்சரியம். என் புகார் எல்லாம் உள்ளே இருக்கும் மின்பாகங்கள் மேல்தான், அதிலும் பாதிக் குற்றம் நம்ம ஊர் ஈரக்காற்றுடையது. சாலாக் செலாத்தானில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மழை வாடை நேராகக் கிட்டாருக்குள்தான் போகும். வால்யூமைத் திருப்பும்போது வரும் கரகரப்பு, சுவிட்சின் நடுநிலையில் ஒலி விட்டுவிட்டு வருவது இரண்டும் அதன் வேலை. முதலில் மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அடித்துப் பாருங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயை அடிக்காதீர்கள், அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பிரேக்கு அடங்காவிட்டால் பாகத்தை மாற்ற வேண்டியதுதான்.

அதற்கு முதலில் போக வேண்டிய இடம் கிட்டார் கடை அல்ல. சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி. ஏறினால் செராஸ், சான் சோவ் லின், அடுத்தது புடு. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஜாலான் பாசார். ரேடியோ, டிவி பழுது பார்க்கிறவர்கள் காலம் காலமாகப் பாகம் வாங்கும் தெரு. குமிழுக்கு அடியில் இருக்கும் மாறுதடைதான் பொட். “கிட்டாருக்குப் பொட் வேண்டும்” என்று சொன்னால் சீனக் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “ஏ-யா, பி-யா?” ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். வால்யூமுக்கு ஏ தான் சரி. பி போட்டால் குமிழின் ஒரு கோடியிலேயே ஒலி எல்லாம் ஏறி இறங்கிவிடும், மீதித் திருப்பலுக்கு வேலை இருக்காது.

அளவுதான் பலரையும் சறுக்க வைக்கிறது. இணையத்தில் வாங்கும் அமெரிக்க சி.டி.எஸ். பொட்டின் கழுத்து ஏறக்குறைய 9.5 மி.மீ. ஆசியச் சிறு பொட்டுக்குப் போட்ட துளை 7 மி.மீ.தான். துளையைப் பெரிதாக்காமல் உள்ளே நுழையாது. நுழைத்துவிட்டாலும் அதன் தண்டில் 24 பற்கள், ஆசியப் பொட்டில் 18. பழைய குமிழ் அதில் உட்கார மறுக்கும். சுவிட்சும் இரண்டு சாதி. எட்டுக் கால்களும் ஒரே வரிசையில் நிற்பது ஒன்று, நாலும் நாலுமாக இரு பக்கம் நிற்பது இன்னொன்று. இரண்டாவது ஆழம் அதிகம், உடலுக்குள் குடைந்த பள்ளத்தின் ஆழத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வெர்னியர் அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

இந்தக் கிட்டாரில் நான் செய்ததில் பணத்துக்கு மிக அதிகமாகப் பலன் தந்தது ஒரு தே தாரிக் விலைகூட ஆகாத ஒரு ரெசிஸ்டர். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பொட் பொருந்தும், அதற்குக் குறைந்தால் ஒலி மங்கும். சிங்கிள் காயிலுக்கு 250 போதும், 500 போட்டால் காதைக் குத்தும். இரண்டும் ஒரே கிட்டாரில் இருக்கும்போது யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆனால் ஒரே வால்யூம், ஒரே டோன் உள்ள கிட்டாரில் ஐந்து நிலைச் சுவிட்சின் ஒரு பாதியே பிக்கப்களைத் தேர்ந்தெடுக்கப் போதும், மறுபாதியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும் சூட்டுக் கம்பியிலிருந்து 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்த மறுபாதியின் பொதுக் காலுக்குக் கொடுத்து, அதே பாதியில் கழுத்து, நடு இரண்டின் கால்களையும் எர்த்தில் இணைத்துவிட வேண்டும். ஹம்பக்கர் தனியாக ஒலிக்கும்போது ரெசிஸ்டர் சுற்றிலேயே இல்லை. சிங்கிள் காயில் எது வந்தாலும் 500-க்கு இணையாக 470 சேர்ந்து கிட்டத்தட்ட 242 ஆகிவிடும். கழுத்துப் பிக்கப்பின் கூர்மை இதில் அப்படியே வழிக்கு வந்தது. இதைச் செய்த பிறகுதான், புதுப் பிக்கப் வாங்கியே தீர வேண்டும் என்று நான் நினைத்திருந்ததில் பாதி அவசரம் என்று தெரிந்தது.

குமிழை இழுத்ததும் ஒலி சட்டென்று மெலிகிறதே என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. விலகும் சுருளை நேராக எர்த்தில் சேர்க்காமல், நடுவில் 2.2 கிலோ ஓம் போலச் சிறிய ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். அந்தச் சுருளின் ஒலியில் கொஞ்சம் மிஞ்சும், மேடையில் அளவு விழாது.

பிக்கப்பை மாற்றியே ஆக வேண்டும் என்றால் நான்கு கம்பி உள்ள ஹம்பக்கராகப் பாருங்கள். ஒற்றைக் கம்பியில் வருவதைப் பிரிக்க முடியாது, குமிழ் இழுப்பு வீணாகிவிடும். கம்பி நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு சூட்டுக் கம்பி, பச்சை எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக இணையும். டிமார்சியோவில் சிவப்பு சூட்டுக் கம்பி, பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் இணையும். ஒன்றின் வரைபடத்தை வைத்து மற்றதைப் பற்றவைத்தால் ஒலி சரியாக வராது. வேறு வேறு நிறுவனத்துப் பிக்கப்களைக் கலக்கும்போது சுவிட்சின் இடைநிலையில் ஒலி மூக்கடைத்தது போல ஒல்லியாகக் கேட்டால், இரண்டும் எதிரெதிர் கட்டத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றின் கம்பிகளை மாற்றிப் போட்டால் சரியாகும்.

உட்பள்ளத்தில் செப்புத் தாள் ஒட்டுவது நல்லது, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் குறையும், ஆனால் மறையாது. சிங்கிள் காயில் வேண்டும் என்றால் அந்த ரீங்காரத்தோடு கொஞ்சம் வாழத்தான் வேண்டும்.

பிரிட்ஜை நான் தொடவில்லை. 9 தடிமன் தந்தியிலிருந்து 10 தடிமன் தந்திக்கு மாறியபோது பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கியதோடு சரி. மாற்ற நினைப்பவர்கள் தந்தி இடைவெளி, ஆறு திருகாணிகளின் இடைவெளி, அடிக்கட்டையின் ஆழம் மூன்றையும் அளந்த பிறகே வாங்க வேண்டும். ஸ்ட்ராட்டுக்கு என்று எழுதியிருந்தால் இதற்கும் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். அதிலேயே 56 மி.மீ. வகையும் உண்டு, 52.5 வகையும் உண்டு. முன்பக்கத் தகடு நிச்சயமாகப் பொருந்தாது, பசிஃபிகாவின் வடிவம் வேறு. தகடு உடைந்துவிட்டால் பழையதை எடுத்துக்கொண்டு விளம்பரப் பலகை செய்யும் கடைக்குப் போவதே எளிது, அக்ரிலிக்கில் அச்செடுத்து வெட்டித் தருவார்கள்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குவதற்குக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. நல்ல பிக்கப் மூன்று, பிரிட்ஜ், தந்தியைப் பூட்டும் முறுக்குச் சாவிகள் என்று அடுக்கினால் தொகை வேகமாக ஏறும். அந்த மூன்றையும் யமஹாவே தன் 612 மாடலில் போட்டுத் தருகிறது. சீமோர் டங்கன் பிக்கப், வில்கின்சன் பிரிட்ஜ், குரோவர் பூட்டுச் சாவி. எல்லாவற்றையும் மாற்றும் ஆசை உள்ளவர் பழைய 612 ஒன்றைத் தேடுவதுதான் லாபம். 112வி-க்கு என் பரிந்துரை பொட், சுவிட்ச், ரெசிஸ்டர், செப்புத் தாள், அதற்கு மேல் அதிகம் போனால் பிரிட்ஜ் பக்கத்துக்கு ஒரே ஒரு ஹம்பக்கர். கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். பிறகு விற்கும்போது, “ஒரிஜினல் பாகம் இருக்கா அண்ணே?” என்று கேட்காமல் யாரும் விலை பேசுவதில்லை.