எண்ணப் பிழையும் நேரக் கணக்கும்

வேலைக்குப் போகும் பெண்களுக்கான உளவியல் ஆலோசனை, ‘வேலை, வீடு இரண்டுக்கும் சமநிலை’ என்ற வாக்குறுதியோடு வருகிறது. அந்த வாக்குறுதியையே அளவுகோலாகக் கொள்வது நியாயம். ஆனால் சமநிலை என்பது மனநிலையா, நேரப் பங்கீடா? இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் இத்துறையின் விளம்பரம் பிழைக்கிறது.

பரவலாகக் கையாளப்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஆரன் பெக் வகுத்த இம்முறையின் வலிமை அதன் ஒழுங்கு. தானாக எழும் எண்ணத்தைப் பிடித்து, எழுதிவைத்து, சார்பாகவும் எதிராகவும் சான்று கேட்கிறது. ‘பிள்ளைக்குக் காய்ச்சல், நான் மீட்டிங்கில் இருக்கிறேன், நான் நல்ல தாய் இல்லை’ என்பதில் முதலிரண்டும் நிகழ்வு, மூன்றாவது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் செய்யக் கற்றுத் தருவது சிறிய சாதனையன்று. குற்றவுணர்வு, எதிலும் பிசகக் கூடாதென்ற பிடிவாதம், ‘முடியாது’ என்று சொல்வதில் உள்ள கூச்சம் ஆகியவற்றில் இம்முறை தன் பெயரைக் காப்பாற்றுகிறது.

ஆனால் ‘நான் போகாவிட்டால் பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர ஆளில்லை’ என்பது எண்ணப் பிழையன்று, உண்மை. இந்தியாவின் 2024 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 289 நிமிடம், ஆண்கள் 88. (வேலைக்குப் போகாத பெண்களும் இதில் அடக்கம், ஆனாலும் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை.) மூச்சுப் பயிற்சியால் இந்த இடைவெளி சுருங்காது. எண்ணத்தின் பக்கம் சான்று இருந்தால் சிக்கலைத் தீர்க்கும் வழிக்கு மாற வேண்டும் என்பது இம்முறைக்குள்ளேயே உள்ள ஏற்பாடு. ஆகவே குறை கோட்பாட்டில் இல்லை. பெண்ணை மட்டும் அறைக்குள் உட்காரவைத்து, ‘எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடும் நடைமுறையில் இருக்கிறது. யாருடைய எதிர்பார்ப்பை? கணவரையும் அழைத்து, இருவரின் ஒரு வாரத்தையும் மணிவாரியாக எழுதச் சொல்லும் ஆலோசகரே முறையை முழுமையாகக் கையாள்கிறவர்.

நிறுவனங்களின் நலத்திட்டங்களை இவ்வளவு தாராளமாக மதிப்பிட முடியவில்லை. பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் தரவை ஆராய்ந்து வில்லியம் ஃபிளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வு, மனவுறுதிப் பயிற்சி, செயலி போன்றவற்றில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை என்றது. ஒரே காலப்புள்ளியில் எடுத்த தரவு. ஏற்கெனவே தளர்ந்தவர்களே அவற்றை அதிகம் நாடியிருக்கலாம். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும், திட்டங்களுக்குச் சாதகமாகச் சொல்ல மிச்சம் அதிகமில்லை. இந்தியாவில் 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கேட்டது. அதற்கு இடம், ஆயா, செலவு எல்லாம் வேண்டும். செயலிக்குச் சந்தா போதும்.

குற்றவுணர்வுக்கான சிகிச்சையாக அறிவாற்றல் நடத்தை முறை தேறுகிறது. சமநிலைக்கான சிகிச்சையாக இன்னும் தேர்வே எழுதவில்லை. பலன் பார்க்க வழக்கமாக நீட்டப்படும் பி.எச்.க்யூ-9 தாளில் இருப்பவை கடந்த 2 வாரத்து மனச்சோர்வு பற்றிய 9 கேள்விகள். வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. மதிப்பெண் 14இலிருந்து 6ஆக இறங்கிய பெண்ணும் மறுநாள் அதே 5 மணிக்கு எழுந்து, முதல் நாள் இரவுப் பாத்திரத்தைத் தேய்க்கலாம்.