களவும் கரியும்

தொல்காப்பியர் களவொழுக்கத்தை வடநூலார் கூறும் எண்வகை மணத்துள் கந்தருவத்தோடு ஒப்பிட்டார். கற்பியலிலோ, மக்களிடையே பொய் புகுந்த பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்றார். வகுத்தவர் ஆரியரோ தமிழரோ என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை. வகுத்த காரணமே அதனினும் கருதத்தக்கது. அதனை நோக்கின், அவர் கண்ட தீங்கு மறைவிற் கூடுதலன்று, கூடியபின் மறுத்தலே என்பது தெளிவாகும்.

குறுந்தொகை 25ஆம் பாட்டிற் கபிலரின் தலைவி, தலைவன் தன்னை மணந்தபோது உடனிருந்தது ஓடுநீரில் ஆரலைப் பார்த்து நின்ற குருகொன்றே என வருந்துகிறாள். அவன் பொய்த்தால் அவள் யாரைக் கரியாக அழைப்பாள்? இயற்கை வருணனைக்கு எடுத்துக்காட்டாக இப்பாட்டை மாணவர்க்குக் கற்பித்துவிட்டு அப்பாற் செல்கிறோம். சான்றின்றி நிற்பவளின் நடுக்கம் அதனுள் இருப்பதைக் காட்டுகின்றோமில்லை.

அகநானூறு 256ஆம் பாட்டிற் கரி கிடைத்துவிடுகிறது. கள்ளூரில் ஒருத்தியின் நலம் நுகர்ந்தவன் அவளை மறுத்துப் பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் அறிந்தோரை வினவி உண்மை தெளிந்து, அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீறு பெய்தனர். சகுந்தலைக்காகக் காளிதாசர் மோதிரத்தைத் தேட வேண்டியிருந்தது. கள்ளூரில் ஊராரே சான்றாயினர். தண்டம் மறுத்தவன்மேல் வீழ்ந்தது என்பதும் நோக்கற்பாலது.

இதே தீங்கிற்குக் கத்தோலிக்கத் திருச்சபை வேறு மருந்து கண்டது. பங்குக் குருவும் சாட்சிகள் இருவரேனும் முன்னில்லாத மணம் செல்லாதென 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் விதித்தது. தனிமையிற் கூறிய வாக்கை நம்பியவளுக்கு அவ்விதி ஒன்றுந் தரவில்லை.

இலங்கைச் சட்டம் அத்துணைக் கடுமையுடையதன்று. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பதிவேடு சிறந்த சான்று. எனினும் பதிவில்லாமையால் மட்டும் வழக்காற்று மணம் அழிவதில்லை. இருவர் கணவன் மனைவியாக வாழ்ந்ததை ஊர் அறிந்திருப்பின், மணம் நிகழ்ந்ததென நீதிமன்றம் அனுமானிக்கும். அயலார் கண்ணுக்கு அஞ்சும் யாழ்ப்பாணத்தில் அக்கண்ணே ஒரு பெண்ணுக்குக் காவலாதலும் உண்டு.

ஊரே பகையாயின் என் செய்வது? தமிழ்நாட்டில் இவ்வினா எழுந்தது. அங்கே 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்றது. வழக்கறிஞர் அறையில் மறைவாக நிகழ்வது அச்சட்டத்தின்படி மணமாகாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இற் கூறிற்று. 2023இல் இந்திய உச்சநீதிமன்றம் அதனை மறுத்தது. ஊரறியச் செய்க என்பது உறவினரால் உயிரச்சம் உடையோர்க்கு இடராகும் என்றது. அத்தீர்ப்பே நேரியதென்பது என் கருத்து. ஆயினும் அவ்வறையில் உடனிருந்தோர் பின்னொருநாள் மன்றேறிச் சான்று பகராவிடில், மறுக்கப்பட்டவள் கபிலரின் தலைவி நின்ற நிலையிலேயே நிற்பாள்.