லூர்து மாதா கோவிலும் 'நகல்' என்ற வசையும்

திருச்சி லூர்து மாதா கோவிலைப் பற்றிப் பேச்சு வந்தால் இலக்கிய நண்பர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: நகல். புதுக்கவிதையையும் இதே வார்த்தையால் தீர்த்துக்கட்டப் பார்த்தவர்கள் உண்டு என்பதால் எனக்கு இதில் அக்கறை.

நகல்தான். 1890களில் சேசு சபையார் எழுப்பிய இதற்கு மாதிரி, பிரான்சில் லூர்து நகரத்தில் 1876இல் அர்ச்சிக்கப்பட்ட பேராலயம். ஆனால் அந்த மாதிரியும் அசல் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டு கோதிக் பாணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு திரும்பச் செய்து பார்த்தது அது. சரி, மத்தியகால அசலுக்கே போவோம். மூன்று ராஜாக்களின் எலும்புகளை வணங்க யாத்ரீகர்கள் குவிந்த கொலோன் பேராலயம் 1248இல் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்மாதிரி உண்டு: பிரான்சின் அமியென். பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றுபோய், பாதிக் கோபுரத்தின் மேல் ஒரு பாரந்தூக்கி மட்டும் முந்நூறு வருஷம் நின்றது. 1842இல் மறுபடி ஆரம்பித்தவர்கள் கோதிக் தங்கள் ஜெர்மானிய ஆத்மாவின் வெளிப்பாடு என்று நம்பினார்கள், 1880இல் முடித்தார்கள். கடன் வாங்கியது பூர்விகச் சொத்தாகிவிட்டது. மொட்டையாக நின்ற ஸ்ரீரங்கத்துத் தெற்குக் கோபுரமும் 1987இல்தான் 236 அடி உயர்ந்தது. அதன் மேல்நிலைகளை நகல் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உருவம் எங்கிருந்து வந்தது என்பதல்ல, இங்கே என்ன செய்கிறது என்பதே கேள்வி.

வெளியே அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. ஊசிக்கோபுரம் தாழ்ந்த வீடுகளுக்கு மேலே எழுந்து, தூரத்திலிருந்தே யாத்ரீகனை இழுப்பதற்கானது. இங்கே பக்கத்தில் மலைக்கோட்டை. எந்தக் கொத்தனும் கட்டாத அந்தப் பாறைக்கு முன்னால் அது அலங்காரமாகக் குறுகிவிடுகிறது. மெயின் கார்டு கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் என் கண் பாறைக்குத்தான் போகிறது.

உள்ளே விஷயம் வேறு. ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரங்களைத் தாண்டி உள்ளே போகப்போக வெயில் கழிந்து, கடைசியில் விளக்கொளியில் பெருமாள். நமக்குக் கடவுளை நெருங்குவது இருட்டை நெருங்குவது. கோதிக் இதற்கு நேர் எதிர். கூரையின் பாரத்தை வளைவுகளும் முட்டுச்சுவர்களும் வாங்கிக்கொள்ள, சுவர் சுமை நீங்கிக் கண்ணாடியாகிறது. ஆனால் மங்கிய வடக்குச் சூரியனைச் சேகரிக்க உண்டான இந்த வண்ணக் கண்ணாடி, திருச்சியின் சித்திரை மாதத்தில் வெயிலைச் சேகரிப்பதில்லை, வடிகட்டுகிறது. தெருவின் வெள்ளை வெளிச்சத்திலிருந்து நுழைகிறவனுக்கு முதலில் கிடைப்பது இருட்டு, நிறங்கள் பிறகுதான். ஸ்ரீரங்கத்தில் கண் பழகுவதற்கு ஆகும் அதே நேரம். கட்டியவர்கள் இதை யோசித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. வெயில் செய்த காரியம். மின்விளக்குகளைப் போட்டதும் இது போய்விடும், பார்க்க நினைப்பவர்கள் பூசைக்கு முன்னாலேயே போய்விடுவது நல்லது.